வோட்டு நம்முடையது, அபேட்சகர் யாருடையவர்?

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் தேதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் மிக அதிகமாக வோட்டுப் பதிவான தொகுதி எது? சென்னையல்ல, கோவையல்ல. தருமபுரி! நூற்றுக்கு 81.20 பேர் சாவடிக்கு வந்து வோட்டளித்தார்கள். மாநிலத்தின் சராசரி 70ஐக்கூடத் தொடவில்லை.

வந்தவர்கள் யார்? அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, மொரப்பூர் கிராமங்களின் விவசாயக் கூலிகள். பாலக்கோட்டிலும் காரிமங்கலத்திலும் தக்காளிக் கூடை சுமப்பவர்கள். கரும்பு வெட்டுகிறவர்கள். பென்னாகரத்து மேட்டுக் காட்டில் கேழ்வரகும் துவரையும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறவர்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் பெங்களூர்க் கட்டிட வேலையிலும் பாடுபட்டு, ஒரு நாள் கூலியை இழந்து, பஸ்ஸுக்குக் கைக்காசைப் போட்டு ஊருக்கு வந்தவர்கள். வோட்டு என்றால் என்னவென்று இந்த ஜில்லாவின் உழைப்பாளி மக்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இந்த மக்களின் சார்பில் நாம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். சாவடியில் இயந்திரத்தின் மீது இருந்த பெயர்களை அங்கே எழுதியது யார்?

காலையில் ஒரு பெயர், பிறகு வேறு பெயர்

அந்தத் தேர்தலின் முடிவு எல்லோருக்கும் தெரியும். தி.மு.க.வின் ஆ. மணி 4,32,667 வோட்டுகள். பாட்டாளி மக்கள் கட்சியின் சௌமியா அன்புமணி 4,11,367 வோட்டுகள். வித்தியாசம் 21,300. லட்சக்கணக்கான மக்கள் கூடி, கடும் போட்டியில், இத்தனை நெருக்கமாகத் தீர்ப்புச் சொன்னார்கள்.

ஆனால் இதற்கு முன் நடந்த தேர்வு எப்படி நடந்தது? பா.ம.க. மார்ச் 22ஆம் தேதி பட்டியல் வெளியிட்டது. தருமபுரிக்கு அரசாங்கம் என்பவர் பெயர் இருந்தது. அதே நாளில் அந்தப் பெயர் மாற்றப்பட்டது; கட்சித் தலைவரின் மனைவியார் அபேட்சகரானார். இந்த மாற்றத்திற்காகத் தருமபுரியில் அந்தக் கட்சியின் கிளைகள் கூடி வோட்டெடுத்தனவா? கொடி கட்டி, சுவரெழுதி, வழக்கு வாங்கிய தொண்டனை ஒரு வார்த்தை கேட்டார்களா? சில மணி நேரத்தில் எந்தக் கிளை கூட முடியும்?

தி.மு.க.விலும், 2019இல் ஜெயித்துப் பதவியில் இருந்த டாக்டர் செந்தில்குமாருக்கு மறுபடியும் இடமில்லை; வேறொருவர் அறிவிக்கப்பட்டார். அது சரியா தவறா என்பது நமது விவாதமல்ல. தீர்மானித்தது சென்னை, செய்தி கேட்டது தருமபுரி என்பதே விஷயம். கம்யூனிஸ்ட் கட்சிகள் ஆதரித்த அணியின் அபேட்சகர் விஷயமானாலும் உண்மை உண்மைதான். அண்ணா தி.மு.க.விலும் இதே கதைதான்.

ஆக, மாநிலத்திலேயே அதிகமாக வோட்டுப் போட்ட ஜில்லாவுக்கு, யாருக்குப் போடுவது என்ற பட்டியலைத் தயாரிப்பதில் ஒரு வோட்டுக்கூட இல்லை! சமைத்து வைத்ததில் எதைத் தின்பது என்று கேட்கிறார்கள். எதைச் சமைப்பது என்று கேட்பதில்லை.

ஒரு காகிதம், ஒரு கையெழுத்து

இந்த அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது இரண்டு காகிதங்களில் இருக்கிறது. 1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் உத்தரவின்படி, ஒரு கட்சியின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்று சொல்வது 'ஏ' படிவம். அந்தத் தொகுதியில் கட்சிச் சின்னம் யாருக்கு என்று சொல்வது 'பி' படிவம். மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் அது தேர்தல் அதிகாரியின் கைக்கு வந்துவிட வேண்டும். மையால் போட்ட கையெழுத்து வேண்டும். முத்திரை குத்தியது செல்லாது.

கையெழுத்தைப் பற்றி இவ்வளவு கறாரான சட்டம், அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்த முறையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. கட்சி உறுப்பினர் கூடினார்களா, எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்ற கேள்வியே படிவத்தில் கிடையாது. 1989இல் நடைமுறைக்கு வந்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-ஏ பிரிவு, கட்சிகள் அரசியல் சட்டத்துக்கும் சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கொள்கைகளுக்கும் விசுவாசமாக இருப்பதாக எழுதித்தர வேண்டும் என்கிறது. எழுதித் தந்தால் போதும்! உட்கட்சி ஜனநாயகத்துக்குச் சட்டம் வேண்டும் என்று 1999இல் சட்டக் கமிஷன் தனது 170ஆவது அறிக்கையில் சிபாரிசு செய்தது. அது அறிக்கையாகவே இருக்கிறது.

ஆகவே 'பி' படிவத்தில் கையெழுத்திடுகிற பேனா யாரிடம் இருக்கிறதோ, அவரே கட்சி. எம்.எல்.ஏ. யாருக்குப் பயப்படுவார்? ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வோட்டுப் போடும் கூலிக்காரனுக்கா? அடுத்த முறை படிவத்தில் பெயர் எழுதும் பேனாவுக்கா? குடிதண்ணீரில் ஃபுளோரைடு கலந்து பிள்ளைகளின் பல்லும் எலும்பும் கெட்டுப்போன இந்த ஜில்லாவில், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 வரை இழுத்துக்கொண்டு போனதே, அதற்குக் காரணங்கள் பல உண்டு. மக்களின் பிரதிநிதி மக்களுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் இல்லை என்பதும் அவற்றில் ஒன்று என்று நாம் கருதுகிறோம்.

வோட்டெடுத்தார்களே, அது எப்படி?

"கட்சிகளில் வோட்டே நடப்பதில்லையா?" என்று சிலர் கேட்கலாம். நடந்திருக்கிறது. எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

2023ஆம் ஆண்டு ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் அண்ணா தி.மு.க.வின் இரு கோஷ்டிகளும் சின்னத்துக்காக மோதின. பிப்ரவரி 3ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், நீக்கப்பட்டவர்களையும் சேர்த்துப் பொதுக்குழு உறுப்பினர்கள் அபேட்சகரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்நாட்டின் நவீன அரசியலில், மாநிலம் முழுவதிலும் உள்ள பிரதிநிதிகளிடம் வோட்டு வாங்கி அபேட்சகரைத் தீர்மானித்த அபூர்வமான சம்பவம் இது. அதுவும் கட்சியே விரும்பிச் செய்ததல்ல. கோர்ட் சொல்லிச் செய்தது.

மூன்றே நாளில் காரியம் முடிந்தது. கூட்டம் கூடவில்லை, விவாதம் இல்லை, பெட்டி இல்லை. படிவங்கள் அனுப்பப்பட்டன, கையெழுத்தோடு திரும்பி வந்தன. தென்னரசுவுக்கு ஆதரவாக 2,501 பொதுக்குழு உறுப்பினர்கள் என்று தேர்தல் கமிஷனிடம் கணக்குக் கொடுத்தார்கள். படிவத்தில் ஒரே ஒரு பெயரை அச்சிட்டு அனுப்புவது தேர்வாகுமா என்று எதிர்க் கோஷ்டி கேட்டது. அவர்களுடைய உள்நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும், கேள்வி நியாயமானதே. பெயரும் கையெழுத்தும் போட்டுத் தலைமைக்கு அனுப்பும் வோட்டு எப்படி ரகசிய வோட்டாகும்? மேஸ்திரியின் முன்னால் கையைத் தூக்கச் சொன்னால் எந்தக் கூலி தூக்காமல் இருப்பான்?

இப்படித் தேர்வானவர் மார்ச் 2ஆம் தேதி முடிவில் 43,923 வோட்டுகள் பெற்றார். காங்கிரஸின் இளங்கோவன் 1,10,156 வோட்டுகள் பெற்று 66,233 வித்தியாசத்தில் ஜெயித்தார். காரணங்கள் பல, ஆளும் கட்சியின் பலமும் அதில் ஒன்று. ஆனால் காகிதத்தில் திரட்டிய 2,501 கையெழுத்து, மக்களிடையே திரட்டிய ஆதரவாகிவிடாது என்பதை அந்த முடிவு காட்டிற்று.

அந்தக் கட்சி 1972இல் தோன்றியபோது, பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர் எல்லோரும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். நல்ல விதி. ஒன்றரைக் கோடி உறுப்பினர்கள் என்று மேடையில் சொல்லிக்கொண்டார்கள். 2022 ஜூலையில் விதி திருத்தப்பட்டது. போட்டியிட வேண்டுமானால் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும். பத்து மாவட்டச் செயலாளர்கள் வழிமொழிய வேண்டும். தலைமைக் கழகப் பொறுப்பில் ஐந்து ஆண்டு இருந்திருக்க வேண்டும். 2023 மார்ச்சில் தேர்தல் அறிவிக்கப்பட்டது, ஒரே ஒருவர் மனுச் செய்தார், போட்டியின்றித் தேர்வானார். ஒன்றரைக் கோடிப் பேருக்கு வோட்டு உண்டு, போடத்தான் வழியில்லை! வாசலைத் திறந்து வைத்துவிட்டுத் திண்ணையை இடித்துவிட்டால் முடவன் எப்படி உள்ளே ஏறுவான்? தி.மு.க.விலும் 2018இலும் 2022இலும் தலைவர் தேர்வு போட்டியின்றியே முடிந்தது.

காங்கிரஸின் பழைய கணக்கும் புதிய கணக்கும்

காங்கிரஸில் ஒரு காலத்தில் உள்ளே வோட்டு நடந்தது. முடிவும் நாட்டின் போக்கை மாற்றியது. 1954இல் ராஜாஜி பதவி விலகிய பின், சென்னைச் சட்டசபைக் காங்கிரஸ் கட்சி கூடி வோட்டெடுத்தது. காமராஜுக்கு 93, சி. சுப்பிரமணியத்துக்கு 41. எண்ணிக்கை வெளியே வந்தது. தோற்றவர் கட்சியை விட்டுத் துரத்தப்படவில்லை. காமராஜின் மந்திரிசபையிலேயே இடம்பெற்றார். வகுப்புக்கு ஒரு தொழில் என்று மக்கள் எதிர்த்த கல்வித் திட்டம் போயிற்று. வோட்டளித்தவர்கள் எம்.எல்.ஏ.க்கள் மட்டுமே என்பதை மறக்கவில்லை. ஆயினும் போட்டி உண்மையான போட்டி. கணக்கு உண்மையான கணக்கு.

2022 அக்டோபரில் அகில இந்தியத் தலைவர் பதவிக்குப் போட்டி நடந்தது. 9,385 பிரதிநிதிகள் வோட்டளித்தனர். கார்கேவுக்கு 7,897, சசி தரூருக்கு 1,072, செல்லாதவை 416. வோட்டர்களின் விலாசம்கூட முழுமையாகக் கிடைக்கவில்லை என்று தோற்றவர் புகார் சொன்னார். என்றாலும் ரகசிய வோட்டு, பெட்டி, பகிரங்கமான எண்ணிக்கை என்ற அளவில் மற்ற பூர்ஷுவாக் கட்சிகளைவிட ஒரு படி மேல் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கோடிக்கணக்கான மக்களிடம் வோட்டுக் கேட்கும் கட்சியில் பத்தாயிரம் பேருக்கும் குறைவானவர்களே வோட்டர்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே கட்சி 2014 பாராளுமன்றத் தேர்தலில் சுமார் பதினைந்து தொகுதிகளில் அபேட்சகர்களை உள்ளூர்ப் பிரதிநிதிகளின் வோட்டால் தேர்ந்தெடுத்துப் பரீட்சை பார்த்தது. குஜராத்தில் வடோதராத் தொகுதியில் நரேந்திர ராவத் அப்படி ஜெயித்தார். பிறகு நரேந்திர மோடி அங்கே நிற்கிறார் என்றவுடன், அவர் ஒதுங்கிக்கொள்ள, மதுசூதன் மிஸ்திரி நிறுத்தப்பட்டார். தொண்டர்கள் போட்ட வோட்டு தலைமைக்குச் சிக்கலில்லாத வரையில்தான் செல்லும் என்ற பாடத்தை வடோதரா கற்பித்தது.

போனில் வந்த ஜனநாயகம்

2022 ஜனவரியில் பஞ்சாபில் ஆம் ஆத்மி கட்சி ஒரு புதுமை செய்தது. முதன்மந்திரி அபேட்சகர் யார் என்று மாநிலம் முழுவதையும் கேட்டது. ஒரு போன் நம்பர் கொடுத்தார்கள். கூப்பிடலாம், செய்தி அனுப்பலாம். 21 லட்சத்து 59 ஆயிரம் பதில்கள் வந்தன என்றும், நூற்றுக்கு 93.3 பேர் பகவந்த் மானைச் சொன்னார்கள் என்றும் அறிவித்தார்கள். மார்ச்சில் அந்தக் கட்சி 117இல் 92 இடங்களைப் பிடித்தது, மான் முதன்மந்திரியானார்.

மக்களைக் கேட்டார்கள் என்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் பதில் சொன்னவர் கட்சி உறுப்பினரா, பஞ்சாபியரா, ஒரே ஆள் எத்தனை போனிலிருந்து பேசினார்? எண்ணியபோது எதிர்த்தரப்பின் ஏஜெண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரா? கேட்டவரே எண்ணினார், எண்ணியவரே அறிவித்தார். எடை போடுகிற ஆளும் கரும்பை வாங்குகிற ஆளும் ஒருவரேயானால் வண்டிக்காரன் தராசை நம்புவானா?

அமெரிக்காவின் அனுபவம்

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே உண்டு. பொதுத்தேர்தலுக்கு முன் ஒவ்வொரு கட்சியின் அபேட்சகரையும் மாநிலம் முழுவதும் வோட்டெடுத்துத் தேர்ந்தெடுப்பதை 'முதனிலைத் தேர்தல்' என்கிறார்கள். ரயில்வேக் கம்பெனிகளும் கட்சித் தரகர்களும் அறைக்குள் உட்கார்ந்து பெயர் எழுதிய காலத்தில், விஸ்கான்சின் மாநிலத்தில் லா ஃபாலெட் என்பவர் இதற்காகப் போராடினார். 1904இல் மக்களே வோட்டளித்து அந்தச் சட்டத்தை ஏற்றார்கள். மக்கள் போராடிப் பெற்ற உரிமை அது.

ஆனால் அந்த உரிமையையும் ஆளும் வர்க்கம் ஆயுதமாக்கியது. தென் மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி ஒன்றுதான் ஜெயிக்கும். ஆகவே கட்சியின் முதனிலைத் தேர்தலே உண்மையான தேர்தல். அதில் நீக்ரோக்கள் வோட்டளிக்கக் கூடாது என்று டெக்சாஸ் மாநிலம் 1923இல் சட்டம் போட்டது. பருத்திக் காட்டில் வேர்வை சிந்தியவனுக்குப் பெயர் எழுதும் இடத்தில் வேலையில்லை! 1927இல் கோர்ட் அந்தச் சட்டத்தைத் தள்ளியது. உடனே "சட்டம் வேண்டாம், கட்சியின் சொந்த விதி" என்று வேஷம் மாற்றினார்கள். "கட்சி தனியார் சங்கம்; யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம்" என்றார்கள். 1944இல்தான் சுப்ரீம் கோர்ட், பொதுத்தேர்தலின் ஒரு பகுதியாகிவிட்ட தேர்வைத் தனியார் விஷயம் என்று சொல்லித் தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. "எங்கள் கட்சி, எங்கள் இஷ்டம்" என்று இங்கே சொல்கிறவர்கள் இந்தத் தீர்ப்பை நினைத்துப் பார்க்கட்டும்.

பணத்தின் ஆட்டமும் அங்கே உண்டு. 2025 ஜூனில் நியூயார்க் நகர மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சித் தேர்வில், முன்னாள் கவர்னர் குவோமோவுக்காகப் பணக்காரர்கள் 2 கோடி டாலருக்கு மேல் இறக்கினார்கள். எதிரே நின்றவர் மம்தானி என்ற இளம் சோஷலிஸ்ட். வீட்டு வாடகையை உயர்த்தாதே, பஸ்ஸை இலவசமாக விடு என்று சொல்லித் தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் வீடு வீடாகப் போனார்கள். முடிவில் மம்தானிக்கு நூற்றுக்கு 56, குவோமோவுக்கு 44. வழி திறந்திருந்தால், ஸ்தாபனமாகத் திரண்ட உழைப்பாளி பணமூட்டையைத் தள்ளிவிட்டு உள்ளே போக முடியும். பெட்டி வைத்ததால் மட்டும் இது நடந்துவிடவில்லை. மக்கள் திரண்டதால் நடந்தது.

விண்ணப்பத்தின் விலை

இங்கே நிலைமை என்ன? 2024 பாராளுமன்றத் தேர்தலுக்கு தி.மு.க.வில் விருப்ப மனுக் கட்டணம் 50,000 ரூபாய். படிவத்துக்கு 2,000 ரூபாய். நூறு நாள் வேலையில் 2023-24ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள் கூலி 294 ரூபாய். ஒரு குடும்பத்துக்குச் சட்டம் சொன்ன நூறு நாளும் வேலை கிடைத்து, ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் 29,400 ரூபாய்தான். கட்டணத்தைக் கட்ட மட்டும் 170 நாள் மண் சுமக்க வேண்டும். நம்மை ஆள எங்களில் ஒருவனை அனுப்புவோம் என்று கூலிக்காரன் நினைத்தால், கேட்பதற்கே இந்த விலை. அப்புறம் நேர்காணல், "எவ்வளவு செலவு செய்வாய்?" என்ற கேள்வி ஊரறிந்த ரகசியம்.

"உங்கள் கட்சிகளில் என்ன வாழ்கிறது?" என்று வாசகர் கேட்பார், கேட்க வேண்டும். கம்யூனிஸ்ட் கட்சிகளிலும் அபேட்சகரை அந்தந்தக் கமிட்டிகளே தீர்மானிக்கின்றன. அந்தக் கமிட்டிகளோ கிளையிலிருந்து மாநாடு கூடி, படிப்படியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த மார்க்சிஸ்ட் கட்சியின் 24ஆவது மகாநாட்டில், மத்தியக் கமிட்டிக்குத் தலைமை வைத்த பட்டியலுக்கு எதிராக மகாராஷ்டிரத்தின் தொழிற்சங்கத் தோழர் கராட் போட்டியிட்டார். ரகசிய வோட்டில் 31 வோட்டுகள் பெற்றுத் தோற்றார். தோற்றாலும் நின்றார், எண்ணினார்கள், எண்ணிக்கையை நாடு அறிந்தது. கிளைக் கூட்டம் ஒழுங்காகக் கூடுகிறதா, அங்கே கூலிக்காரத் தோழரும் பெண் தோழரும் வாய் திறக்கிறார்களா என்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. கூடாத கிளைக்கு எந்த விதியும் ஜனநாயகம் கொடுக்காது.

நாம் கேட்பது என்ன?

பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை. மில் கேட்டில் தொழிற்சங்கத் தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். உறுப்பினர் பட்டியலை முன்கூட்டி ஒட்ட வேண்டும். விட்டுப்போன பெயரைச் சேர்க்க அவகாசம் வேண்டும். பெட்டியைக் காலியாகக் காட்டிப் பூட்ட வேண்டும். வோட்டு ரகசியமாக இருக்க வேண்டும். இரு தரப்பு ஆட்களின் முன்னிலையில் எண்ண வேண்டும். செல்லாத வோட்டு உள்பட முழுக் கணக்கையும் எழுதி ஒட்ட வேண்டும். நூற்பாலைத் தொழிலாளி தன் சங்கத்தில் கேட்கிற இந்த நேர்மையை, நாட்டை ஆள வருகிற கட்சிகளிடம் கேட்கக் கூடாதா?

ஆகவே, கட்சிகள் அபேட்சகரைத் தேர்ந்தெடுத்த முறையையும் வோட்டுக் கணக்கையும் 'பி' படிவத்தோடு சேர்த்துத் தாக்கல் செய்யச் சட்டம் வேண்டும். விருப்ப மனுவுக்குக் கட்டணம் கூடாது. பதிவு செய்த கட்சிகளின் உட்கட்சித் தேர்தலைச் சுயேச்சையான அமைப்பு மேற்பார்வையிட வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: மேற்பார்வை என்ற பெயரால் டில்லி சர்க்கார் எதிர்க்கட்சிகளின் கழுத்தில் கயிறு போட இடம் தரக் கூடாது. ஆகவேதான் சுயேச்சையான அமைப்பு என்கிறோம்.

சட்டம் வரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தருமபுரி ஜில்லாவில் ஐந்து சட்டசபைத் தொகுதிகள்: பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர். இந்த ஐந்திலும் எந்தக் கட்சியின் அபேட்சகர் வோட்டுக் கேட்டு ஊருக்குள் வந்தாலும், மாலை போடுமுன் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: "ஐயா, உங்களைத் தேர்ந்தெடுத்தது யார்? எந்தக் கூட்டத்தில்? எத்தனை வோட்டில்? எதிர்த்துப் போட்டியிட்டவர் யார்?" பதில் சொல்ல முடியாதவர், நாளை கூலியைப் பற்றியும் குடிதண்ணீரைப் பற்றியும் நாம் கேட்கும்போது யாரிடம் போய்ப் பதில் கேட்டு வருவார் என்பதை யோசியுங்கள்.

நீங்கள் எந்தக் கட்சியில் இருந்தாலும் சரி, உங்கள் கிளைக் கூட்டத்தைக் கூட்டச் சொல்லுங்கள். உறுப்பினர் அட்டைக்குப் பணம் வாங்கியவர்களிடம், அந்த அட்டைக்கு என்ன உரிமை என்று கேளுங்கள். கொடி பிடிக்கிற கைக்குப் பெயர் எழுதவும் உரிமை உண்டு.

நூற்றுக்கு 81 பேர் வரிசையில் நின்ற ஜில்லா இது. வெயிலில் நிற்கத் தெரிந்த மக்களுக்குக் கேள்வி கேட்கவும் தெரியும். கேளுங்கள், தோழர்களே!